அச்சுப்பொறியும் தமிழ் வாக்கியமும்

கணினியை இயக்கும் மொழிகள் யாவும் ஆங்கிலத்தின் வழிவந்தவை, ஆதலின் ஆங்கிலங் கைவரப்பெறாத மாணவன் அத்துறைக்கு ஆகான் என்னும் எண்ணம் ஒன்று அட்டன் முதல் நுவரெலியா வரையுள்ள எமது தோட்டப் பகுதிகளிலே வேரூன்றி நிற்கின்றது. பெற்றோர் அவ்வாறு எண்ணுகின்றனர், அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஆசிரியரிற் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர், வருந்தத்தக்கது அதுவே. தகவல் தொழினுட்பத்தைத் தமிழ் மூலம் பயிலும் மாணவன் ஒருவன், பாடம் விளங்காதவிடத்து எழுந்து வினவத் துணியாமல், தன் ஆங்கிலக் குறைவே அதற்குக் காரணமென்று தானே தீர்ப்பளித்துக்கொண்டு வாளாவிருந்துவிடுகின்றான்.

தமிழாசிரியருக்கு இத்துறையிற் பேச என்ன உரிமை என்று சிலர் வினவக்கூடும். இயந்திரத்தைப் பற்றிப் பேசும் உரிமை எமக்கில்லை என்றே கொள்வோம். வாக்கியத்தைப் பற்றிப் பேசும் உரிமை உண்டன்றோ? அவ்வுரிமை கொண்டே யாம் கூறுவது இது: அச்சிட்ட பக்கங்களை அச்சுப்பொறிக்கு எடுத்துரைப்பதற்கென்று வகுக்கப்பட்ட மொழி, சொற்களை நிறுத்தும் முறையில் ஆங்கிலத்தோடு ஒத்ததன்று, நம் தமிழோடு ஒத்தது.

முன்னாளில் ஒரு பக்கம் என்பது கையாலே தூக்கத்தக்க பொருளாய் இருந்தது. ஆறுமுக நாவலர் அவர்கள் 1849ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையிலே நிறுவிய காலத்தில், ஒரு பக்கம் அச்சாகவேண்டுமாயின் ஈயவெழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோத்து, சட்டத்துள் இறுக்கி, மைதடவி அழுத்தல்வேண்டும். தமிழுக்கு எழுத்துருக்கள் மிகுதி. அச்சுக்கோப்பாளர் முன் இருந்த அறைகளும் மிகுதி. எங்கள் கல்லூரியின் மூத்த பழைய மாணவர் பலர் அவ்வச்சகங்களின் ஒலியைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

இன்று பக்கம் பொருளாயில்லை, கட்டளையாய் இருக்கின்றது. 'இவ்விடத்துக்குச் செல், இவ்வளவு தூரம் கோடு இழு, இவ்வெழுத்தை இங்கே இடு' என்று அச்சுப்பொறியை நோக்கிக் கூறும் நீண்டதோர் ஏவலே இன்றைய பக்கமாகும். அவ்வாறு ஏவுவதற்கென அமைந்த மொழிகளைப் பக்க விவரிப்பு மொழிகள் என்பர். அவற்றுள் தலையாயது போஸ்ட்ஸ்கிரிப்ட். அதனை உலகுக்கு அளித்தோர் ஜோன் வார்னொக், சார்ல்ஸ் கெஷ்கி என்னும் இருவர். செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையத்திலிருந்து வெளியேறி 1982ஆம் ஆண்டில் அடோபி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். வார்னொக் வீட்டின் பின்னே ஓடிய சிற்றோடை ஒன்றின் பெயரே அது. 1984இல் மொழி வெளிவந்தது. 1985இல் ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் என்னும் அச்சுப்பொறி அம்மொழியை உணரும் ஆற்றலோடு சந்தைக்கு வந்தது. தன்னை ஏவிய கணினியினும் அச்சுப்பொறி மிக்க வலிமை உடையதாயிருந்தமை அந்நாளிற் பலருக்கும் வியப்பளித்தது. ஒரு மொழியைப் படித்துப் பொருளுணர்ந்து அதன்படி ஒழுகவேண்டியது அச்சுப்பொறியே ஆதலின், அதற்கு அறிவு மிகுதியாய் வேண்டியிருந்தது. கெஷ்கி 2021ஆம் ஆண்டிலும் வார்னொக் 2023ஆம் ஆண்டிலும் காலமாயினர்.

அம்மொழியின் வாக்கியம் ஒன்றைக் காண்போம். தாளின் இடப்புறக் கீழ்மூலையைத் தொடக்கமாகவும் அங்குலத்தின் 72இல் ஒரு கூற்றை அலகாகவும் கொண்டு எண்கள் எழுதப்படும். கணிதபாடத்தில் வரைபுத்தாளில் புள்ளி குறித்த எவருக்கும் இது புதிதன்று. ஒரு கிடைக்கோடு வரையவேண்டுமாயின் அம்மொழியில் எழுதும் முறையைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வருவது:

100 200 செல்
300 200 கோடிடு
தீட்டு
பக்கத்தைக் காட்டு

எண்கள் முன்னே வருகின்றன. அவற்றை என்செய்யவேண்டும் என்று கூறும் வினை பின்னே வருகின்றது. பிற கணினி மொழிகளிற் பெரும்பாலன 'செல்' என்று முதலிற் கூறிவிட்டு, எங்கே என்பதைப் பின்னர் அடைப்புக்குள் வைக்கும். ஆங்கிலேயர் 'கூட்டு இரண்டையும் மூன்றையும்' என்று ஏவலை முன்வைத்துப் பேசுதல் போன்றதே அது. நாமோ 'இரண்டையும் மூன்றையும் கூட்டு' என்போம். போஸ்ட்ஸ்கிரிப்ட் '2 3 கூட்டு' என்கின்றது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையை ஆறாம் வகுப்பிலே கற்ற தோட்டத்துச் சிறுவனுக்கு இவ்வொழுங்கை விளக்க வேறு ஆசிரியர் வேண்டுமோ?

ஒற்றுமை இவ்வளவோடு நிற்கவில்லை. மேலே காட்டிய வரிகளில் 'செல்' என்றும் 'கோடிடு' என்றும் கூறியமாத்திரத்தே தாளில் ஒன்றும் பதியாது. பாதை மாத்திரம் உள்ளே அமைந்துகொண்டிருக்கும். 'தீட்டு' என்றபோதுதான் கோடு மையாகும். 'பக்கத்தைக் காட்டு' என்றபின்னரே தாள் வெளிவரும். 'சென்று, கோடிட்டு, வளைந்து' என வினையெச்சங்கள் அடுக்கிவந்து முற்றுக்காகக் காத்துநிற்றலை இது நினைவூட்டுகின்றது. முற்று வருமளவும் தமிழ் வாக்கியம் முடிவதில்லை, பக்கமும் அவ்வாறே.

இனி, எண்கள் முன்னே வந்தால் அவை வினை வருமளவும் எங்கே தங்கும் என்னும் வினா எழும். அவை ஓர் அடுக்கிலே தங்கும். ஆசிரியர் மேசைமீது மாணவர் பயிற்சிக் கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்துச் செல்கின்றனர். திருத்த அமரும் ஆசிரியர் கையில் முதலில் அகப்படுவது கடைசியாக வைத்தவனுடைய கொப்பி. முந்தி வந்தவன் கொப்பி அடியிற் கிடக்கும். கணினியினுள்ளும் இத்தகையதோர் அடுக்கு உண்டு. எண் வந்தால் அடுக்கின் மேலே ஏறும். வினை வந்தால், தனக்கு வேண்டியவற்றை மேலிருந்து எடுத்துக்கொண்டு, விடையை மீளவும் மேலே வைக்கும். இவ்வளவே இரகசியம். இம்முறையைக் கொண்ட மொழிகளுக்கு அடுக்கு மொழிகள் என்று யாம் பெயர் கூறுவோம்.

கொழுந்து மடுவத்திலே நிகழும் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தாய் காலையில் 8 கிலோவும் பகலில் 7 கிலோவும் மாலையில் 6 கிலோவும் நிறுத்தாள்; கழிவு 2 கிலோ. அடுக்கு மொழியில் இது,

8 7 கூட்டு 6 கூட்டு 2 கழி

என்றாகும். 8 ஏறுகின்றது, 7 ஏறுகின்றது, 'கூட்டு' அவ்விரண்டையும் எடுத்து 15ஐ வைக்கின்றது, 6 வந்தபின் 21 ஆகின்றது, 2 வந்து 'கழி' என்றதும் 19 எஞ்சுகின்றது. அடைப்புக்குறி வேண்டியதில்லை. எதை முன்செய்வது எதைப் பின்செய்வது என்னும் விதிகளும் வேண்டியதில்லை. நிறுவை முடிந்ததும் தாய்மார் மனத்துள்ளே போட்டுப்பார்க்கும் கணக்கும் இவ்வரிசையிலேதான் செல்கின்றது. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் உள்ள எண்ணோடு அது ஒத்ததா என்பது வேறு பேச்சு.

வினையைப் பின்னே நிறுத்தும் இம்முறை அச்சுப்பொறிக்காகப் பிறந்ததன்று. போலந்து நாட்டுத் தருக்கநூற் பேராசிரியர் யான் லுகாசியெவிச் 1924ஆம் ஆண்டளவில் அடைப்புக்குறிகளை ஒழிக்கும்பொருட்டு வினைக்குறியை முன்னே வைத்தெழுதும் முறையைக் கண்டார். அதனைத் தலைகீழாக்கி வினையைப் பின்வைத்துக் கணினிக்கு ஏற்றதாக்கியோருள் ஒருவர் அவுஸ்திரேலியாவில் மெய்யியல் கற்பித்த சார்ல்ஸ் ஹம்ப்ளின். காலம் 1950களின் பிற்பகுதி. 1972இல் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் வெளியிட்ட சட்டைப்பைக் கணிப்பான் இம்முறையிலேயே இயங்கியது. பொறியியலாளரான பழைய மாணவர் சிலர் அதனைக் கையாண்டிருத்தல் கூடும்.

இவ்வழியில் வந்த மொழிகளுள் எமக்கு மிக உவப்பானது ஃபோர்த். சார்ல்ஸ் மூர் என்பவர் அதனை ஆக்கி, 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் வானொலித் தொலைநோக்கியை இயக்கப் பயன்படுத்தினார். நான்காந் தலைமுறை மென்பொருள் என்னும் கருத்தில் 'நான்காவது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அதற்குப் பெயராக்க விழைந்தார். அவர் கையாண்ட ஐ.பி.எம். 1130 கணினியோ ஐந்தெழுத்துக்கு மேற்பட்ட பெயரை ஏற்கவில்லை. ஆகவே இடையிலே ஓரெழுத்துக் கெட்டது. இடைக்குறை என்று நாம் அமைதி கூறிவிடலாம்!

ஃபோர்த் மொழியிலே கட்டளைகளுக்குப் பெயர் 'சொல்'. அவை வைக்கப்படும் இடத்துக்குப் பெயர் 'அகராதி'. யாம் வலிந்து மொழிபெயர்த்தோமல்லேம்; அதன் ஆசிரியர் இட்ட பெயர்களின் நேர்ப்பொருளே அவை. நிரலெழுதுதல் என்பது அங்கே புதுச் சொற்களை ஆக்கி அகராதியிற் சேர்த்தலேயாம். இடைவெளி விட்டு எழுதப்படும் எதுவும் சொல்லாகலாம் ஆதலின், தமிழெழுத்தை ஏற்கும் இக்காலத்து ஃபோர்த்திலே 'கூட்டு' என்றே ஒரு சொல்லை வரையறுத்துக் கூட்டச் செய்யலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபோர்த்தின் பிள்ளையன்று. அதன் வேர் 1976இல் இவன்ஸ் அண்ட் சதர்லாண்ட் நிறுவனத்தில் ஜோன் கஃப்னி, வார்னொக் முதலியோர் ஆக்கிய வடிவமைப்பு மொழியிலே உள்ளது. ஆயினும் அடுக்கும் அகராதியும் இரண்டுக்கும் பொது.

நிபந்தனை வாக்கியம் இன்னுஞ் சுவையானது. ஆங்கிலத்தில் 'இஃப்' என்னுஞ் சொல் வாக்கியத்தின் தலையிலே வந்து நிற்கும். நம் மொழியில் 'மழை பெய்தால்' என்புழி நிபந்தனையைக் காட்டும் உறுப்பு செயலுக்குப் பின்னே ஒட்டுகின்றது. ஃபோர்த்திலும் நிபந்தனை முன்னே வர, 'இஃப்' அதன் பின்னே வருகின்றது. போஸ்ட்ஸ்கிரிப்டிலோ நிபந்தனையும் அதன்வழிச் செய்யவேண்டிய செயலும் முன்னே வந்துவிட, 'இஃப்' யாவற்றுக்கும் ஈற்றிலே நிற்கின்றது. ஆங்கிலம் பேசுவோர் இதனைக் கண்டு மயங்குவர். மயங்குதற்கு நமக்குக் காரணமில்லை.

ஒற்றுமையைக் கூறியபின் வேற்றுமையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. தமிழில் 'முருகன் வள்ளியைக் கண்டான்' என்றாலும் 'வள்ளியை முருகன் கண்டான்' என்றாலும் பொருள் மாறுவதில்லை. ஐயுருபு தன் கடமையைச் செய்கின்றது. அடுக்குக்கு உருபு இல்லை. '10 3 கழி' என்றால் 7. '3 10 கழி' என்றால் சய 7. இடமே அங்கு வேற்றுமையாகின்றது. அதனாலேதான் அடுக்கின் மேலுள்ள இரண்டையும் இடம்மாற்றி வைப்பதற்கென்றே தனிச்சொற்கள் அம்மொழிகளில் உள. நீண்ட நிரலாயின், அடுக்கில் இப்போது எது மேலே எது கீழே என்று படிப்போன் நினைவில் வைத்திருத்தல்வேண்டும், இது எளிதன்று. நிரலெழுதுவோரிற் பெரும்பாலார் இம்மொழிகளை விட்டு நீங்கியதற்கும் இதுவே பெருங்காரணம். இவ்வொற்றுமையைக் கொண்டு கணினியைத் தமிழரே கண்டனர் என்று மேடையில் முழங்குவார் எவரேனும் புறப்படின் அதற்கு யாம் பொறுப்பல்லேம். வினையை ஈற்றில் நிறுத்தும் மொழி தமிழ் ஒன்றேயன்று. நம் அயலார் பேசும் சிங்களமும் அத்தகையதே. யப்பானிய மொழியும் அத்தகையதே. யப்பானியர் இதனை உணர்ந்து, 'மைண்ட்' என்னும் பெயரில் ஃபோர்த்தை அடிப்படையாய்க் கொண்டு தம் வாக்கிய ஒழுங்கிலே ஒரு கணினி மொழியை 1980களிலேயே ஆக்கிக்கொண்டனர்.

தமிழிலும் முயற்சி இல்லாமலில்லை. முத்தையா அண்ணாமலை என்பவர் ஆக்கிய 'எழில்' என்னும் கணினி மொழிபற்றிய கட்டுரை 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாய்க் கொண்ட அம்மொழியில், நிபந்தனையை முன்னெழுதி 'ஆனால்' என்று பின்னெழுதுவர். இது மிகப் பொருத்தமானது, யாம் பாராட்டுகின்றோம். ஆயின் அச்சிடுக என்னும் கருத்தில் வரும் 'பதிப்பி' என்னும் ஏவல் மாத்திரம் ஆங்கில முறைப்படி முன்னே நின்றுவிட்டது. சொற்களைத் தமிழாக்குதல் ஒன்று, வாக்கியத்தைத் தமிழாக்குதல் மற்றொன்று என்பதற்கு இது நல்ல சான்று.

உயர்தர வகுப்புக்கு விதிக்கப்பட்டது பைதன் மொழியாயிற்றே, வழக்கொழிந்துவரும் மொழிகளைக் கற்றுப் பயனென்ன என்று கேட்பார்க்கும் விடையுண்டு. பைதனில் மாணவன் இரண்டு எண்களுக்கு நடுவே கூட்டற்குறி இட்டு எழுதுகின்றான். அதனை நாம் பெரும்பாலும் கையாளும் பைதன் மென்பொருள் தனக்குள்ளே எவ்வாறு மாற்றிக்கொள்கின்றது? முதலெண்ணை அடுக்கில் ஏற்று, அடுத்த எண்ணை ஏற்று, கூட்டு. ஜாவா மொழியின் உள்ளியந்திரமும் அடுக்கு இயந்திரமே. வெளியே எவ்வாறு எழுதினும் உள்ளே நிகழ்வது நம் வாக்கிய ஒழுங்குதான். இதனை முதலிலே கற்ற மாணவன் பைதனை அஞ்சமாட்டான்.

பக்கத்துக்கு மீள்வோம். 1993இல் அடோபி நிறுவனமே பி.டி.எஃப். என்னும் கோப்புமுறையை வெளியிட்டது. 2008இல் அது அனைத்துலக நியமமும் ஆயிற்று. பக்கத்தை வரைகின்ற பகுதியில், எண் முன்னும் வினை பின்னுமாகிய பழைய ஒழுங்கே அதிலும் உள்ளது. வினைச்சொற்கள் மாத்திரம் ஓரெழுத்து ஈரெழுத்தாய்ச் சுருங்கிவிட்டன. நிபந்தனை, மீளச்செய்தல், புதுச்சொல் ஆக்குதல் என்பன நீக்கப்பட்டன. போஸ்ட்ஸ்கிரிப்ட் முழுமையான நிரல்மொழி ஆதலின், முடிவின்றிச் சுழலும் நிரல் ஒன்றையும் அதில் எழுதிவிடலாம். நூறாவது பக்கத்தைக் காண முன்னைய பக்கங்களையும் ஓட்டிப்பார்க்க வேண்டியும் நேரலாம். பி.டி.எஃப்.இல் எப்பக்கத்தையும் தனியே திறக்கலாம். பயன் பெரிது. ஆனால் சிந்திக்கும் ஆற்றலை இழந்து, சொன்னதை மட்டும் வரையும் மொழியாயிற்று அது.

2020ஆம் ஆண்டிலே கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பயிற்சித்தாள்கள் இக்கோப்புக்களாகவே தொலைபேசி வழியே லயங்களுக்கு வந்துசேர்ந்தன. சமிக்ஞை கிடைக்கும் மேடுதேடி ஏறிநின்று அவற்றைப் பெற்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். அத்தாளினுள்ளே எழுதப்பட்டிருப்பது தம் தாய்மொழியின் வரிசையிலமைந்த வாக்கியங்கள் என்று அவர்களுக்கு ஒருவரும் கூறியதில்லை.

இதனைக் கற்பிக்க வேண்டுவன மிகச் சில. பழைய கணினி ஒன்றே போதும். 1988ஆம் ஆண்டிலிருந்து கிடைத்துவரும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் மென்பொருள், விலையின்றிப் பெறத்தக்கது; போஸ்ட்ஸ்கிரிப்டைப் படித்துத் திரையிலே பக்கமாய்க் காட்டும். ஆங்கிலச் சொற்கள் பத்துப்பன்னிரண்டு மனனஞ் செய்தல் வேண்டும். அதற்காக ஆங்கிலத்தை ஒதுக்குமாறு யாம் கூறுகின்றோமென எவரும் கருதற்க. ஆங்கிலம் கற்கவேண்டியதே. கற்றுமுடியுமளவும் பிள்ளையை வாயிலிலே நிறுத்திவைத்தலைத்தான் மறுக்கின்றோம்.

என்ன வரைவது என்றால், கோலம் வரையலாம். சென்னைத் தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டிலே கோலங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கணினி வரைவியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினர். தமிழ்ப் பெண்டிரின் வாசற்கோலம் விதிகளாற் பிறப்பிக்கத்தக்க ஒரு மொழியே என்பதை அறிவியலுலகு அவ்வாறு கண்டது. புள்ளிகள் என்பன எண்ணிணைகள். வளைகோடு என்பது மூன்று புள்ளிகளைத் தந்து 'வளை' என்னும் கட்டளை. ஒரு காற்பகுதியை மாத்திரம் எழுதி, 90 பாகை சுழற்றுமாறு கூறி, '4' என்னும் எண்ணை முன்னும் 'மீளச்செய்' என்னும் வினையை ஈற்றிலும் வைத்தால் முழுக்கோலமும் தாளில் விரியும். 'ண' என்னும் எழுத்தின் சுழிகளும் அச்செழுத்தாகும்போது இத்தகைய வளைவுகளாலேயே ஆகின்றன என்பதை அடுத்த பாடமாக வைக்கலாம்.

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா ஆண்டிலே புதுக் கட்டடம், புது வாயில் என்று பலவற்றை எண்ணிவருகின்றனர். அவற்றோடு, கொழும்பிலும் கடல்கடந்தும் கணினித்துறையில் உள்ள பழைய மாணவர் தம் அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகளில் ஆறினை இங்கு அனுப்பிவைப்பாராயின், வாரத்தில் ஒரு மாலை தகவல் தொழினுட்ப ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் ஒருங்கே நின்று கற்பிக்க யாம் ஆயத்தமாயிருக்கின்றோம். முதல் மாலைக்குரிய பாடம் மடுவத்துக் கணக்கு. தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்திலே கோலம்.